பதின்மூன்றாவது செவ்வாய்

தங்கச்சியின் சுகத்துக்காக அம்மா கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியாருக்குப் பதின்மூன்று செவ்வாய் கோயிலுக்கு வருவதாக நேர்ந்திருந்தார். ஒன்பது முடிந்திருந்தபோதுதான், 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு காலை, அந்தக் கோயிலுக்குள் குண்டு வெடித்தது. ஜூன் 12ஆம் திகதி, திருநாளுக்கு முதல்நாள், திருத்தலம் மீண்டும் அர்ச்சிக்கப்பட்டுத் திறக்கப்பட்ட பின்னரும் நான் அம்மாவை விடவில்லை. நிலைமை சரிவரட்டும் என்றேன். பிறகு கொரோனாவைச் சொன்னேன். அதன்பிறகு பெற்றோல் வரிசையைச் சொன்னேன். தங்கச்சி சுகமாகிப் பிள்ளையும் பெற்றுவிட்டாள், நேர்த்தி மட்டும் அப்படியே நின்றது.

"என்னைக் காப்பாத்துறன் எண்டு சொல்லி, அந்தோனியாருக்கு என்னைக் கடன்காரியாக்கிப் போட்டாய், தம்பி" என்றார் ஒரு நாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

மிச்ச நான்கு செவ்வாயும் நானே கூட்டிச் சென்றேன். கடைசி நாள், வெள்ளவத்தையிலிருந்து போன ஆட்டோக்காரர் பேசிய காசுக்கு மேல் கேட்டு நின்றார். மெழுகுதிரி விற்பவர்களில் ஒருவர் அம்மாவின் கையில் மூன்று கட்டைத் திணித்துவிட்டு மிச்சக் காசை மறந்துபோனார். வாசலில் சோதனை. காவலுக்கு நின்ற பெண், அம்மாவின் மருந்து டப்பியைத் திறந்து பார்த்து மூடி, செபமாலையைச் சுருட்டியிருந்தபடியே திரும்ப வைத்தார். எங்களுக்கு முன்னால் முக்காடிட்டு வந்திருந்த பெண்ணின் பையோ இரண்டு தரம் கொட்டப்பட்டது. அவர் கையிலும் மெழுகுதிரிதான் இருந்தது.

சோதனையை நான் குறை சொல்லமாட்டேன். கோவில் உச்சியிலிருந்து குதி என்று சாத்தான் சொன்னபோது, கடவுளைச் சோதிக்கக்கூடாது என்று ஆண்டவர் இயேசுவே குதிக்கவில்லை. பக்கத்தில் முழந்தாளிடுபவரின் உயிருக்கு நானும் பொறுப்பாளி. ஆனால் உடையைப் பார்த்து ஒருவரை எடைபோடுவது, அயலாருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்வதாகவே எனக்குப் பட்டது. உயிர்த்த ஞாயிறு மாலையில் சீடர்கள் அச்சத்தால் கதவைப் பூட்டியிருந்தபோது ஆண்டவர் அதற்காக அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை; நடுவில் வந்து நின்று சமாதானம் சொல்லி, அதே மூச்சில் அவர்களை வெளியே அனுப்பினார். நான் அம்மாவுக்கு இத்தனை வருடமும் பூட்டிய கதவை மட்டுமே காட்டியிருக்கிறேன்.

உள்ளே, இறந்தவர்களின் பெயர் பொறித்த கல்லருகில் அம்மா கொஞ்சம் தாமதித்தார். பிறகு அந்தோனியாரின் கண்ணாடிப் பேழையில் உள்ளங்கையை வைத்தார், எடுக்கவேயில்லை. பின்னால் நின்றவர்கள் இடித்தார்கள், "நகருங்கோ" என்றார்கள். கண்ணாடியில் அவருடைய மூச்சு பட்டுப் படர்ந்து மறைவதையும் விரல்கள் நடுங்குவதையும் பார்த்துக்கொண்டே நின்றேன். எதையோ கேட்கவேண்டும் என்று வந்த எனக்கு, நன்றி என்பதைத் தவிர ஒரு சொல்லும் வரவில்லை. என் அந்தோனியாரே, தங்கச்சிக்காக நன்றி, அவள் பிள்ளைக்காக நன்றி, இந்தக் கை இன்னும் சூடாக இருப்பதற்கு நன்றி.

திரி கொளுத்தும் இடத்தில் காற்று அம்மாவின் சுடரை இரண்டு முறை அணைத்தது. முக்காடிட்ட அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் தன் திரியைச் சாய்த்துக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் வழக்கம்போல் அம்மாவின் முழங்கையைப் பிடிக்கப் போனேன். மெதுவாக விலக்கிக்கொண்டார்.

"அடுத்த செவ்வாய் நான் பஸ்ஸில வருவன். நீ வேலைக்குப் போ."