மீனுவின் கல்லீரலும் குழாய்வழி உணவும்: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 4

எங்கள் பூனை மீனு சில நாட்களாகவே தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுகிறாள். இன்று அவளுடைய காதின் உட்புறமும் அண்ணமும் மஞ்சளாகத் தெரிந்ததால் உடனே மருத்துவரிடம் கொண்டுசென்றோம். இரத்தப் பரிசோதனையில் கல்லீரலின் நிலையைக் காட்டும் நொதிகளில் ஏஎல்பி மிக உயர்ந்தும் ஜிஜிடி ஏறக்குறைய இயல்பாகவும் இருந்தன. ஸ்கேனும் கல்லீரல் கொழுப்பு நோயையே காட்டியது. பூனை உண்ணாதபோது உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்குள் பாய்கிறது; அந்த அளவைக் கையாள முடியாமல் கல்லீரல் செல்கள் கொழுப்பால் நிரம்பிச் செயலிழக்கின்றன. மீனுவைப் போன்ற பருமனான பூனைகளுக்குச் சில நாள் பட்டினியே இதற்குப் போதும். பசி போனதற்கு மூலகாரணம் கணைய அழற்சி என்றும், அதற்கும் சேர்த்தே சிகிச்சை தரவேண்டும் என்றும் மருத்துவர் கூறினார்.

மார்ச் 5

முதலில் நீரிழப்பையும் பொட்டாசியக் குறைவையும் சரிசெய்கிறார்கள். மயக்க மருந்தைத் தாங்கும் நிலையில் அவள் இல்லாததால், இப்போதைக்கு மூக்கின் வழியே மெல்லிய குழாய் செலுத்தியிருக்கிறார்கள். இரத்தம் உறைவது பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் வைட்டமின் கே ஊசியும் போட்டாயிற்று.

5 கிலோ எடைக்கு ஓய்வுநிலை ஆற்றல் தேவை நாளொன்றுக்குச் சுமார் 234 கிலோகலோரி. ஆனால் முதல் நாளில் அதில் கால் பங்குதான். பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென முழு உணவு கிடைத்தால் இன்சுலின் சுரந்து, இரத்தத்திலுள்ள பாஸ்பரஸும் பொட்டாசியமும் செல்களுக்குள் இழுக்கப்படுகின்றன. பாஸ்பரஸ் மிகவும் குறைந்தால் சிவப்பணுக்களே சிதைந்துவிடும். அவளுக்கு நிறைய ஊட்டவேண்டும் என்று மனம் துடித்தாலும், இந்த நிதானம்தான் அவளைக் காக்கும்.

மார்ச் 7

பாஸ்பரஸ் சற்று இறங்கியது. ஊசி வழியே ஈடுசெய்தார்கள். இன்று முக்கால் பங்கு உணவு.

கல்லீரல் நோய்க்குப் புரதம் ஆகாது என்று உறவினர் ஒருவர் அக்கறையோடு சொன்னார். பூனையின் விஷயத்தில் அது பொருந்தாது. அர்ஜினின் என்னும் அமினோ அமிலம் இல்லாமல் பூனையின் உடலால் அம்மோனியாவை யூரியாவாக மாற்ற முடியாது. தேவையான அளவு அர்ஜினினை அதன் உடல் தானே உண்டாக்கிக்கொள்வதும் இல்லை. அதிகமாக எச்சில் வடிதல், தள்ளாட்டம், மந்தம் என அம்மோனியா மூளையைத் தாக்கிய அறிகுறிகள் தோன்றினால் மட்டுமே புரதத்தைக் குறைப்பார்கள். ஆகவே மீனுவுக்குப் புரதம் மிகுந்த, மாவுச்சத்துக் குறைந்த உணவே தரப்படுகிறது.

மார்ச் 9

கழுத்தின் இடப்பக்கம் வழியாக உணவுக்குழாய்க்குள் செல்லும் பெரிய குழாயைப் பொருத்தினார்கள். வாரக்கணக்கில் ஊட்ட இதுவே வசதி.

மார்ச் 12

வீட்டில் ஊட்டத் தொடங்கிவிட்டோம். ஈர உணவை நீர்விட்டு மிக்ஸியில் அரைத்து, வடிகட்டி, உடல் வெப்பத்துக்குச் சூடாக்குகிறேன். முதலில் 5 மில்லி வெதுவெதுப்பான நீரைச் செலுத்தி அவள் இருமவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, உணவைக் கால்மணி நேரத்துக்குக் குறையாமல் மெல்ல மெல்லத் தள்ளுகிறேன். அவள் உதட்டை நக்கினாலோ அடிக்கடி விழுங்கினாலோ அது குமட்டலின் அறிகுறி, உடனே நிறுத்திவிடுகிறேன். முடிவில் மறுபடியும் நீர், இல்லையென்றால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஒரு வேளைக்கு 50 மில்லிக்குள், நாளைக்கு ஐந்து வேளை. கழுத்திலுள்ள கட்டுத்துணியை மாற்றும்போது துளையைச் சுற்றிச் சிவப்போ சீழோ இருக்கிறதா என்று தினமும் பார்க்கவேண்டும்.

வாயில் எதையும் திணிப்பதில்லை என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். குமட்டலோடு இருக்கும் பூனைக்கு வலிந்து ஊட்டினால் அந்த உணவின் மீதே வெறுப்பு உண்டாகி, பிறகு பசித்தாலும் அதைத் தொடாது.

மார்ச் 27

காதின் மஞ்சள் வெளுத்துவிட்டது. அந்த மஞ்சளை உண்டாக்கும் பிலிரூபின் இரத்தத்தில் இறங்குகிறது. எடை குறையவில்லை.

ஏப்ரல் 8

தட்டில் வைத்த மீனை மீனு தானாகவே தின்றாள். நெடுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் குழாயை இப்போதே எடுக்கப்போவதில்லை. முழுத் தேவையையும் வாயாலேயே உண்டு, ஒரு வாரமாவது எடை நிலையாக நின்ற பிறகே எடுக்கலாம் என்பது மருத்துவரின் முடிவு. அதுவரை அவள் எவ்வளவு தின்றாள் என்பதை நிறுத்துப் பார்த்து, மீதத்தை மட்டும் குழாய் வழியே கொடுத்துவருவோம்.