21 புள்ளியும் ஒரு சிரட்டையும்

பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழு என்னிடம் கேட்டது யாழ்ப்பாணத்துக் கல்லூரி நாட்களைப் பற்றி இரண்டு பக்கம். துடுப்பாட்டப் போட்டி, பிரம்படி, விடுதிச் சாப்பாடு என்று எழுத எங்களுக்குள் ஆட்கள் நிறைய உண்டு. நான் ஓர் ஊர்வல நாளை எழுதுகிறேன்.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில், மருத்துவத்துக்குத் தமிழில் பரீட்சை எழுதியவருக்கு 250 புள்ளி வேண்டும், சிங்களத்தில் எழுதியவருக்கு 229 போதும் என்றாகிவிட்டது. எங்கள் கரும்பலகையில் யாரோ 250 − 229 = 21 என்று எழுதிவைத்திருந்தார்கள். கணித வாத்தியார் வந்தார், பார்த்தார், அழிக்கவில்லை. மிஞ்சிய இடத்தில் பாடத்தை நடத்திவிட்டுப் போனார். எங்களில் பலருக்கு அரசியல் தொடங்கியது அந்தக் கழித்தல் கணக்கில்தான். மொழி பார்த்து வேறுவேறு புள்ளி கேட்ட அந்தத் தரப்படுத்தல் அநீதி என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. (1974இல் மாவட்டக் கோட்டா வந்தபோது வன்னி, மன்னார்ப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வழி திறந்ததை மட்டும் யாழ்ப்பாணத்தில் நாங்கள் அதிகம் கதைப்பதில்லை.)

ஊர்வலத்துக்கு அட்டை எழுதியவன் கடைசி வாங்கில் இருந்த என் கூட்டாளி. வகுப்பிலே எழுத்து என்றால் அவனுடைய எழுத்துத்தான். தென்னம்மட்டைத் துண்டின் நுனியைத் தட்டி நசுக்கி, சிவப்பு மையில் தோய்த்து, ‘சமநீதி வேண்டும்’ என்று இருபது அட்டையாவது எழுதியிருப்பான். வெயிலில் கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, திரும்பும் வழியில் ஐந்து பேராக எங்கள் வீட்டுக்குப் போனோம்.

அப்பாச்சி திண்ணையில் இருந்தார். நான்கு பேரை அவருக்குத் தெரியும். அவனைப் பார்த்து, “இது ஆற்றை பெடியன்?” என்றார். அவன் தகப்பன் பெயரையும் ஊரையும் சொன்னான். அப்பாச்சி உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து எங்களுக்குத் தந்தார். மறுபடி போனார். வரும்போது கையில் ஒரு சிரட்டை.

“தாகமில்லை ஆச்சி” என்றான் அவன்.

அப்பாச்சி அந்தத் தண்ணீரைத் தேசிமரத்தடியில் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். கோபமெல்லாம் இல்லை. வழக்கம்போல ஒரு வேலை முடிந்தது, அவ்வளவுதான். நான் செம்பை அண்ணாந்து என் பங்கைக் குடித்தேன். உண்மையைச் சொன்னால் இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தேன். அவன் படலையடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். கைப்பிடியில் அவன் எழுதிய அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு மூன்று வருடம் முன்புதான், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லி, சாதியால் ஒதுக்கப்பட்ட மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘கோயிலடிக் குழப்பம்’. பொது இடத்தில் சாதி பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது என்பதை நான் கனடா வந்த பிறகுதான் வாசித்து அறிந்தேன். கல்லூரியில் காந்தி 1927இல் யாழ்ப்பாணம் வந்ததைப் பெருமையாகச் சொல்லித் தந்தார்கள். அவரை அழைத்த, ஹண்டி பேரின்பநாயகம் போன்றவர்களின் வாலிபர் காங்கிரஸ் தீண்டாமைக்கு எதிராக நின்றதையும், வகுப்பில் எல்லாரும் சமமாக இருக்க வேண்டும் என்றதற்காக 1930இல் பள்ளிக்கூடங்கள் கொளுத்தப்பட்டதையும் சொல்லித் தரவில்லை. பெண்களுக்குக் கல்லூரி கட்டிய சேர் பொன்னம்பலம் இராமநாதன், பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதை எதிர்த்தார் என்பதும் அப்படித்தான். அவர் எதிர்த்தும் 1931இல் பெண்கள் வாக்களித்தார்கள்.

சரி, ரொறன்ரோவுக்கு வருவோம். 1983க்குப் பிறகு எல்லாரும் அகதிதான். குளிருக்கு ஒரே மாதிரியான கோட்டு, தொழிற்சாலையில் ஒரே இரவு வேலை. முகம் தெரியாத வெள்ளைக்காரன் பேருந்தில் திட்டும்போது நீ எந்தப் பகுதி என்று கேட்டுவிட்டா திட்டுகிறான்? அந்தத் திட்டை நாங்கள் சங்கக் கூட்டங்களில் ஞாபகமாகப் பேசினோம். அதே கூட்டம் முடிந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது, புதிதாக வந்தவரிடம் “ஊரிலே எந்தப் பக்கம்? கோயிலுக்குக் கிழக்கோ மேற்கோ?” என்று கேட்டோம். அப்பாச்சியின் கேள்விதான். கொஞ்சம் நாகரிகம் சேர்த்துக் கேட்டோம்.

2023 மார்ச்சில் ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபை சாதி ஒடுக்குமுறை பற்றித் தீர்மானம் எடுத்தது. முன்மொழிந்தவர் யாழினி ராஜகுலசிங்கம், எங்கள் பிள்ளைகளின் வயதுக்காரி. அதே வருடம் ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழுவும் சாதிப் பாகுபாடு மனித உரிமைச் சட்டத்துக்குள் அடங்கும் என்றது. எங்கள் வட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் ஒரே கொதிப்பு. “இது இந்தியாக்காரற்றை பிரச்சினை, எங்களிட்டை இல்லை” என்று எழுதியவர்களில், அன்று அந்தச் செம்பில் தண்ணீர் குடித்த ஒருவரும் உண்டு. நான் எதுவும் எழுதவில்லை. இந்த வயதிலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

கூட்டாளி ஸ்காபரோவில்தான் இருக்கிறான், என் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். சங்கத்தில் அவன் சேரவே இல்லை. போன மாதம் தொலைபேசி எடுத்து, அந்த நாளை மலரில் எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“ஆச்சி நல்ல மனுசிதான் மச்சான்” என்றான். அப்புறம், “எழுது. என்ரை பேரைப் போட்டிடாதை” என்றான்.

ஏன் என்றேன்.

“மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம்.”