கொழுப்புக் குளிசையும் கால் உளைவும்

இரத்தத்தில் கொழுப்பைக் குறைக்கிற குளிசையை யார் போடுகிறார், யார் போடுவதில்லை என்பது கிளினிக் கொப்பியைப் பார்த்தால் தெரியாது. கொப்பியில் மாதாமாதம் அட்டோர்வாஸ்டாட்டின் என்று அந்தக் குளிசையின் பெயர் எழுதியிருக்கும். மருந்து ஜன்னலில் நிற்கிற நாங்களும் மாதாமாதம் கொடுத்திருப்போம். "வீட்டில எவ்வளவு மிச்சம் கிடக்கு?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

"அதப் போட்டா கால் உளையுது மகன், அதான் விட்டுட்டன்."

பிரஷர் குளிசையை விட்டால் அடுத்த கிளினிக்கில் மெஷின் காட்டிக்கொடுத்துவிடும். சீனிக்கும் அப்படித்தான். கொழுப்பு கூடினால் உடம்புக்கு ஒன்றுமே தெரியாது. அதனால் எங்கே உளைந்தாலும் பழி முதலில் இந்தக் குளிசைக்குத்தான்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் உளைவுக்குக் காரணமா இல்லை? படுவான்கரையில் இருந்து வருகிறவர்களில் பாதிப்பேர் வட்டையில், அதாவது வயலில், வேலை செய்கிறவர்கள். வேளாண்மை வெட்ட மெஷின் வந்துவிட்டது, ஆனால் வரம்பு கட்டுவதும் பசளை மூட்டை தூக்குவதும் முதுகும் காலும்தான். 2006 இறுதியில் சிக்குன்குன்யா இங்கே பரவியபோது மாதக்கணக்கில் மூட்டு நொந்தவர்களை எல்லோருக்கும் நினைவிருக்கும்.

ஒரு விவசாயி வந்து "கொழுப்புக் குளிசைய மாத்தித் தாங்க" என்று நின்றார். கெண்டைக்காலைத் தொட்டதும் காலை இழுத்துக்கொண்டார். கண் இரண்டும் சிவந்திருந்தது. காய்ச்சலைப் பற்றிக் கேட்டபிறகுதான் "ஓம், ராவில காயுது" என்றார். உடனே டொக்டரிடம் அனுப்பினேன், எலிக்காய்ச்சல். குளிசையை மட்டும் மாற்றிக் கொடுத்து அனுப்பியிருந்தால் சிறுநீரகம் வரைக்கும் போயிருக்கலாம்.

அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்புக் குளிசைகளுக்கு ஸ்டாட்டின் என்று பெயர். ஸ்டாட்டினால் வருகிற உளைவுக்கு ஒரு போக்கு உண்டு. இரண்டு பக்கமும் வரும். தொடை, இடுப்பு, தோள், கெண்டைக்கால் என்று பெரிய சதைகளில் வரும். பெரும்பாலும் குளிசை தொடங்கிய அல்லது டோஸைக் கூட்டிய முதல் வாரங்களில், மாதங்களில் வரும். வலது முழங்கால் மட்டும் மாடிப்படியில் நோகிறதென்றால் அது வேறு கதை.

2022இல் லான்செட் என்ற மருத்துவச் சஞ்சிகையில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஸ்டாட்டின் போட்டவர்களில் 27.1 சதவீதத்தினருக்குச் சதை வலியோ பலவீனமோ இருந்தது, மருந்தில்லாத வெறும் குளிசை போட்டவர்களில் 26.6 சதவீதத்தினருக்கு. அதற்கு முன் 2020இல் வந்த இன்னோர் ஆய்வில், பக்கவிளைவால் ஸ்டாட்டினை விட்ட 60 பேருக்குச் சில மாதம் மருந்து, சில மாதம் வெறும் குளிசை, சில மாதம் ஒன்றுமில்லாத போத்தல் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மருந்து போட்ட மாதங்களில் கூடின தொல்லையில் 90 சதவீதம் வெறும் குளிசை போட்ட மாதங்களிலும் வந்தது.

இதை ஜன்னலில் நின்று சொல்ல மாட்டேன். சொன்னால் "எனக்கு விசரா?" என்றுதான் கேட்பார்கள். நோவு மெய். எதனால் என்பதுதான் கேள்வி.

உண்மையாகவே குளிசையால் வருகிறதும் உண்டு. சதை வலியோடு கை கால் சோர்ந்து, சிறுநீர் கடும் தேத்தண்ணி நிறத்தில் போனால் குளிசையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். சதை கரைகிறதா என்று சிகே இரத்தப் பரிசோதனை செய்வார்கள். அபூர்வம்தான். ஆனாலும் செரிவாஸ்டாட்டின் என்ற ஒரு ஸ்டாட்டினை 2001இல் இதற்காகவே உலகம் முழுக்கச் சந்தையிலிருந்து எடுத்தார்கள்.

நடுவில் நிற்கிறவர்கள்தான் அதிகம். தொடை உளைகிறது என்று வந்த ஓர் அம்மாவுக்குத் தைரொயிட் குறைந்திருந்தது. அது குறைந்தால் சதையும் உளையும், கொழுப்பும் கூடும். அதற்குரிய தைரொக்சின் குளிசையைத் தொடங்கி, தைரொயிட் சரியானபிறகு குறைந்த டோஸில் ஸ்டாட்டினைத் திரும்பக் கொடுத்தார்கள். இப்போது போடுகிறார். முழங்கால் பற்றிய முறைப்பாடு மட்டும் தொடர்கிறது.

அப்புறம், நான் தவறாமல் கேட்கிற கேள்வி: "வெளியில வேற ஏதும் குளிசை வாங்கினீங்களா?" இருமலுக்கு வாங்கின கிளரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக் பையில் இருக்கும். அது ஸ்டாட்டினை உடம்பில் தேங்க வைக்கும். போடுகிறது சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் என்றால் இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது. அந்தச் சில நாட்களுக்கு ஸ்டாட்டினை நிறுத்தச் சொல்லி டொக்டர் எழுதுவார். நிறுத்துவதில் எவருக்கும் சிரமமில்லை, திரும்பத் தொடங்கத்தான் மறந்துவிடுகிறார்கள். அதனால் தொடங்கவேண்டிய திகதியைக் கொப்பியின் மட்டையிலேயே பெரிதாக எழுதி, கூட வந்த பிள்ளையிடமும் காட்டிவிடுகிறேன்.