சால்மனுக்காக ஓடையில் கை வைக்கும் முன்

வாஷிங்டன் மாநிலத்தில் வீட்டுக்குப் பின்னால் ஓடை ஓடுகிறதா? மீன் ஒதுங்கட்டும் என்று ஒரு மரத்தடியை அதில் உருட்டிவிடுவதற்குக்கூட பெர்மிட் வேண்டும். நிலம் நம் பெயரில் இருக்கிறது, நல்ல காரியம்தானே என்பதெல்லாம் எடுபடாது. மாநில மீன், வனவிலங்குத் துறை தரும் இந்த அனுமதியை எல்லோரும் ஹெச்.பி.ஏ. (ஹைட்ராலிக் புராஜெக்ட் அப்ரூவல்) என்பார்கள். 1943-லிருந்து இருக்கிற சட்டம்.

மீன் வாழிடத்தைச் சீர்செய்யும் வேலைக்கு மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு: மாநிலச் சட்டத் தொகுப்பின் பிரிவு, ஆர்.சி.டபிள்யூ. 77.55.181. இதில் போனால் மாநிலச் சுற்றுச்சூழல் ஆய்வு கிடையாது. சிட்டியும் கவுண்டியும் தனி பெர்மிட்டோ கட்டணமோ கேட்க முடியாது. துறை 45 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். மீன் ஏற முடியாமல் மறிக்கும் கல்வெர்ட்டை (பாதைக்கடியில் ஓடை போகும் குழாய்) மாற்றுவது, அரித்த கரையை நாட்டுச் செடிகளால் நிலைப்படுத்துவது (கல் வைப்பது கரையின் அடியில் மட்டும்), மரத்தடி போடுவது போன்றவை இதில் வரும்.

ஆனால் வாசலிலேயே நந்தி. சட்டம் பட்டியலிட்டிருக்கும் ஏதாவது ஒரு வழியில், உதாரணமாகக் கன்சர்வேஷன் டிஸ்ட்ரிக்ட் (மண், நீர் வளம் காக்கும் உள்ளூர் அரசு அமைப்பு) அல்லது மீன்தடை நீக்கும் மானியத் திட்டம் மூலமாக, உங்கள் வேலை ஏற்கப்பட்டிருக்க வேண்டும். நாமே கான்ட்ராக்டரைப் பிடித்து இந்த வழியில் நுழைய முடியாது. அதனால் முதல் போன் கால் டிஸ்ட்ரிக்டுக்குப் போகட்டும். அடுத்து ஜார்ப்பா, அதாவது நீர்நிலை வேலைகளுக்கான பொது விண்ணப்பப் படிவம்: துறைக்கும் உள்ளாட்சிக்கும் ஒரே நாளில் போய்ச் சேர வேண்டும். கருத்துச் சொல்ல உள்ளாட்சிக்கு 15 நாள்தான்.

அந்த 45 நாளை நம்பி ஆள் பேசிவிடாதீர்கள். அது மாநிலக் கணக்கு. ஓடைக்குள் மண்ணோ கல்லோ கொட்டினால் கூட்டரசுத் தூய நீர்ச் சட்டத்தின் 404-ஆம் பிரிவுப்படி ராணுவப் பொறியாளர் பிரிவின் அனுமதியும் வேண்டும். வழக்கமாக, நீர்வாழிடச் சீரமைப்புக்கான பொது அனுமதியான நேஷன்வைட் பெர்மிட் 27. அழியும் நிலையில் உள்ள மீன் இருந்தால் கூட்டரசு மீன் அமைப்புகளோடு கலந்தாலோசனையும் சேரும். அனுமதி வேலைகளில் முதலில் தொடங்க வேண்டியது இந்தக் கூட்டரசுப் பகுதியைத்தான்.

கல்வெர்ட் வரைபடத்தைத் துறை திருப்பி அனுப்புவது பெரும்பாலும் ஓடையின் அகலத்தால். குழாய்க்குள்ளும் இயல்பான ஓடைபோலவே அமைக்கும் ஸ்ட்ரீம் சிமுலேஷன் முறையில், கல்வெர்ட்டுக்குள் ஓடைப்படுகையின் அகலம், கரை நிரம்பத் தண்ணீர் ஓடும்போது ஓடைக்கு இருக்கும் அகலத்தைப்போல் 1.2 மடங்கும், அதோடு கூடுதலாக 2 அடியும் இருக்க வேண்டும். 10 அடி ஓடைக்கு 14 அடி. அங்கே இப்போது கிடப்பது 3 அடிக் குழாய் என்றால் செலவு எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்! டேப்பைப் பழைய குழாயின் வாயருகே பிடித்தால் கணக்கு தப்பும். மேற்புறம் நீர் தேங்கி அகன்றிருக்கும், கீழ்ப்புறம் பறித்துக் குளமாகியிருக்கும். இரண்டின் பாதிப்பும் எட்டாத தூரத்தில் பல இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். குழாயின் உயரத்தில் 30 முதல் 50 சதவீதம் படுகைக்குள் புதைய வேண்டும். உள்ளே கூழாங்கல் நின்றால்தான் குஞ்சு மீனுக்கு மூச்சு வாங்க இடம் கிடைக்கும்.

தண்ணீருக்குள் வேலை செய்யும் காலத்தையும் பெர்மிட்டே குறித்துவிடும். பெரும்பாலும் கோடைதான், மற்ற மாதங்களில் கல்லிடுக்கில் முட்டை இருக்கும். செப்டம்பரில் அனுமதி வந்தால் அடுத்த கோடைவரை காத்திருக்க வேண்டியதுதான்.

வேலை நாளில் மேலும் கீழும் வலை கட்டி, மீனைப் பிடித்து வெளியே விட்டபிறகே தண்ணீரைத் திருப்ப வேண்டும். பம்ப் வாயில் வலை இல்லாவிட்டால் குஞ்சுகள் உள்ளே போய்விடும். கலங்கலுக்கும் வரம்பு உண்டு: இயல்பான அளவு 50 என்.டி.யு.வுக்குள் (கலங்கலை அளக்கும் அலகு) இருந்தால் அதற்கு மேல் 5 வரைதான் ஏறலாம். சிறு ஓடையில் வேலை நடக்கும் இடத்துக்கு 100 அடி கீழே அளப்பார்கள். அதிகம் மீறுவது கடைசி நாளில்தான், புதுப் படுகையில் ஒரேயடியாகத் தண்ணீரைத் திறந்துவிடும்போது. முதலில் படுகையைக் கழுவி, அந்தச் சேற்றுநீரைப் பம்ப் வைத்து மேட்டுநிலத்தில் விடுங்கள். தெளிந்தபிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம்.