மாலத்தீவுக்கு டிக்கெட் போடும் முன்

மாலத்தீவுக்கு விமானம் தேடும்போது விலையைவிட இறங்கும் நேரத்தை முதலில் பாருங்கள். அந்நாட்டின் முக்கிய விமான நிலையமான வெலானாவிலிருந்து தொலைவான தீவுகளுக்குப் போகும் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலை நெருங்கி இறங்கினால் அன்றிரவு தலைநகர் மாலேயிலோ அருகிலுள்ள ஹுல்ஹுமாலே தீவிலோ தங்க வேண்டிவரும். மலிவு டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அறை வாடகைக்கே போய்விடும். திரும்பும்போதும் இதே சிக்கல்தான். அதிகாலை விமானம் என்றால் முந்தைய நாளே தீவைவிட்டுக் கிளம்பியாக வேண்டும்.

கடல் விமானத்தில் வழக்கமாகப் பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ. மீறினால் தனிக் கட்டணம்.

மாலத்தீவு குடிவரவுத் துறையின் ‘இமுகா’ பயண அறிவிப்பைப் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்புங்கள். அது இலவசம், பணம் கேட்கும் தளங்களை நம்பாதீர்கள். திரும்பும்போது பெட்டியில் பவளமோ மணலோ வேண்டாம், தடை உண்டு.