2046-ஆம் அறையின் சிவப்பு

நேற்று இரவு ஹாங்காங் இயக்குநர் வோங் கார்-வாயின் ‘இன் த மூட் ஃபார் லவ்’ மறுபடி பார்த்தோம். 2000-இல் வந்த படம். கதை 1962 ஹாங்காங்கில் தொடங்கும். 2046-ஆம் அறை இருக்கும் ஓட்டல் நடைவழியில் சிவப்புத் திரைச்சீலைகள் அசைய, நாயகி மேகி சியூங் சிவப்புக் கோட்டில் நடப்பாரே, அந்தச் சிவப்பை ஒரு காக்டெயில் கோப்பையில் கொண்டுவர ரொம்ப நாள் ஆசை.

பன்னிரண்டு காஷ்மீர் செர்ரி. காம்பு இருந்த இடத்தில் கெட்டியான ஸ்ட்ராவை வைத்து அழுத்தினால் கொட்டை மறுபக்கம் வந்துவிடும். பாட்டிலில் வரும் பாகுச் செர்ரி வேண்டாம், அது வேறு சிவப்பு. ஷேக்கரிலேயே நசுக்கி, வோட்கா 60 மி.லி., எலுமிச்சைச் சாறு 15, சர்க்கரைப் பாகு 15, அப்புறம் ஐஸ் நிறைய. வெளிப்புறம் பனி பூத்து விரல் மரத்துப்போகும்வரை குலுக்க வேண்டும். கரைகிற ஐஸ் தண்ணீர்தான் வோட்காவின் காரத்தை அடக்கும், அதனால் அவசரம் கூடாது. டீ வடிகட்டியில் வடித்து, ஃப்ரீசரில் வைத்த கோப்பையில் ஊற்றினேன்.

படத்தின் வயலின் இசை ஆரம்பித்ததும் விளக்கை அணைத்தோம். டிவி வெளிச்சத்தில் கோப்பையின் அடியில் ஒற்றைச் செர்ரி, கிட்டத்தட்ட கறுப்பாக.