மூர்க்கன் எவிடெ?

நேற்று எங்கள் வீட்டுக்குப் பாம்பு பிடிக்கிற ஆள் வந்தார். பாம்பு இல்லை. அப்பாதான் இருந்தார்.

எல்லாம் சக்கையால், அதாவது பலாப்பழத்தால் வந்தது. எங்கள் வரிக்கைப் பிலாவில் ஒரு கொப்பு மதிலைத் தாண்டிப் போகும். அடுத்த வீட்டு அண்ணன் காலையில் அதை நாலு சக்கையோடு வெட்டித் தள்ளிவிட்டார். கூழன் சக்கையாக இருந்திருந்தால் அப்பாவே ஏணி பிடித்துக் கொடுத்திருப்பார். இது வரிக்கை! வெட்டுகத்தியோடு மதிலடியில் போய் நின்றவர் காப்பிக்குக்கூட அசையவில்லை. பாறசாலையில் அம்மா வீட்டிலிருந்த இவளுக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்பினேன்: “மதிலடியில அப்பா மூர்க்கனாட்டு நிக்கியாரு. பிள்ளையக் கொண்டு இப்ப வராண்டாம்.”

கேட்டது மாமி. மாமிக்குத் தமிழ் தெரியும். ஆனால் மூர்க்கன் என்றால் நல்லபாம்பு. மலையாளத்தில் அதன் பெயரே அதுதான். 1956 நவம்பர் 1-ல் மாநிலம் பிரித்தபோது எங்கள் விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, பாறசாலை கேரளப் பக்கமே நின்றுவிட்டது. சொல்லைப் பாகம் பிரித்த லட்சணம் இது. முக்கால் மணி நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. மாமி, இவள், பிள்ளை, கூடவே கொக்கிக் கம்பியும் சாக்குமாக ஒருவர்.

“மூர்க்கன் எவிடெ?”

அடுத்த வீட்டு அண்ணன் யோசிக்கவே இல்லை. மதிலுக்கு மேலே கையை நீட்டி அப்பாவைக் காட்டினார்.

சக்கை விழுந்தால் பெரியப்பாவுக்கு மூக்கில் வேர்த்துவிடும். பழைய தமிழ் வாத்தியார் வேறு. ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்: “நமக்கு மூர்க்கன்னா முரடன். சமஸ்கிருதத்துல முட்டாளாக்கும். இறுகிப் போறது, மரத்துப் போறதுன்னு அர்த்தமுள்ள வேரு. மூர்ச்சையும் அதுல உள்ளது. நம்ம மூர்த்தியும் அதுல உள்ளதுதான்.” அப்புறம், மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா என்று ராகம் போட்டார். வெட்டுகத்தி அப்போதும் அப்பா கையில்தான் இருந்தது.

வந்தவர் கூலி வாங்கவில்லை. ஒரு சக்கையை மட்டும் சாக்கில் போட்டுக்கொண்டார். அதை மதிலுக்கு மேலே தூக்கிக் கொடுத்ததும் அந்த அண்ணன்தான்.

ராத்திரி பத்து மணி இருக்கும். அப்பா கதவைத் தட்டினார்.

“லேய் மக்கா, பாம்புன்னா சரி. முரடன்னாலும் சரி. அவன் எந்த அர்த்தத்துல கைய நீட்டினான்னு நாளைக்கு ஒண்ணு கேட்டுப் பாரு.”